மூணுக்கு மூணு

சார், உங்க போன்ல எத்தன குரூப்பு இருக்குது? சும்மாதான் கேக்கறேன். செங்கல்பட்டுல ஏறுனதுல இருந்து டிங்கு டிங்குனு வந்துகிட்டே இருக்குது, நீங்க எடுத்துக்கூட பாக்கல. அப்படித்தான் இருக்கணும். நம்மால அது முடியல. நான் ஒரு குரூப்புக்கு அட்மின். ஆயிரத்து இருபத்து நாலு பேரு. அதுக்குமேல ஒரு ஆளச் சேக்க முடியாது, வாட்ஸப்புலயே அவ்வளவுதான் இடம். வாசல்ல நூத்தி எழுபது பேரு நிக்கறாங்க, எங்களையும் சேருங்க, எங்களையும் சேருங்கன்னு.

கறவை மாட்டு குரூப்பு சார். நான் மாட்டுக்கு சினை ஊசி போடறவன். முப்பது வருசம். திண்டிவனத்துல இறங்கி ஊசிக்கார தாண்டவராயன்னு கேட்டா மாடே வழி காட்டும். இப்ப முட்டி வலி, வண்டி மிதிக்க முடியல. சரி, தெரிஞ்சத நாலு பேருக்கு சொல்லுவோம்னுதான் குரூப்ப ஆரம்பிச்சேன். மொதல்ல யாரு வேணா வரலாம், யாரு வேணா பேசலாம், தொறந்த வீடு.

தொறந்த வீட்டுல என்ன நுழையும்னு உங்களுக்கே தெரியும். காலைல எழுந்தா நானூறு குட் மார்னிங். ரோசாப்பூ படம், சாமி படம், குழந்தை சிரிக்கற படம். நடுவுல தீவனம் விக்கறவன், மருந்து விக்கறவன். செஞ்சி பக்கம் ஒரு மாடு வயிறு ஊதி விழுந்துடுச்சு. எவனோ ஒருத்தன், மாட்டு வாலக்கூட புடிச்சிருக்க மாட்டான், எண்ணெய ஊத்துங்கன்னு போட்டான். படுத்த மாட்டுக்கு வாயில ஊத்தினா நுரையீரலுக்குத்தான் போவும். அந்த மாடு செத்துப் போச்சு. அன்னைக்கு முடிவு பண்ணேன் சார். தெரிஞ்சவங்க மட்டும்தான் உள்ள. மத்தவங்களுக்கு கதவு சாத்தணும்.

தப்பா? நீங்க சொல்லுங்க, தப்பா?

மூணு கேள்வி வச்சேன். சேரணும்னு கேக்கறவங்களுக்கு நானே தனியா அனுப்புவேன். ஒண்ணு, கன்னு போட்டதும் கறக்கற மொதல் பாலுக்கு என்ன பேரு? ரெண்டு, சினை நிக்காத மாடு திரும்ப எத்தன நாள்ல பருவத்துக்கு வரும்? மூணு, மாட்டுக்கு மேல் தாடையில முன்பல்லு எத்தன? மூணாவதுலதான் நெறைய பேரு மாட்டுவாங்க. எட்டும்பான், ஆறும்பான். மாட்டுக்கு ஏது சார் மேல முன்பல்லு? ஒண்ணுகூட கெடையாது. கட்டி மேய்க்கறவனுக்குத்தான் அது தெரியும்.

மூணுக்கு மூணு சரியா சொன்னா உள்ள. ஒண்ணு தப்புன்னாலும் 'தவறான விடை, மன்னிக்கவும்' அப்படின்னு போட்டுட்டு நம்பர ப்ளாக் பண்ணிடுவேன். ஏன் ப்ளாக்குன்னா, விட்டா கெஞ்சுவாங்க. அண்ணே, ஐயா, ஒரு வாட்டி, அப்படின்னு. இளகிட்டா போச்சு.

அதோட விட்டேனா. குரூப்புல இதுவரைக்கும் வந்த வைத்தியம், பக்குவம், எல்லாத்தையும் தொகுத்து ஒரு புஸ்தகமாட்டம் பண்ணி வச்சிருக்கேன். நூத்தி பன்னண்டு பக்கம். உள்ள இருக்கறவங்களுக்கு மட்டும். வெளிய அனுப்பினா அன்னைக்கே ஆள எடுத்துடுவேன், மூணு பேர எடுத்திருக்கேன். நான் எழுதினது அதுல ஒரு நாலு பக்கம் இருக்கும். மிச்சம் ஜனங்க சொன்னது. பொம்பளைங்கதான் நெறைய. மடி வீங்கினா என்ன பண்றது, கன்னு ஊட்டலன்னா என்ன பண்றதுன்னு எல்லாம் அவங்க வாயால பேசி அனுப்பினது, நான் கேட்டு கேட்டு எழுதினேன்.

எங்கூட்டு அம்மா, எம்பொண்டாட்டி இருக்காளே, அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "சாமி வரங்குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சொல்லுவாங்களே, அந்தப் பூசாரிய இப்பத்தான் கண்ணால பாக்கறேன்"ன்னா. நான் சிரிச்சுட்டேன். பூசாரி இல்லாத கோயில்ல என்ன நடக்கும்னு அவளுக்கு என்ன தெரியும்?

போன மாசம் சார். ஞாயித்துக்கெழம. மாசத்துல ஒரு நாள் களை எடுப்போம். குரூப்பத் தொறந்தே பாக்காதவங்கள எடுத்துட்டு, காலி எடத்துக்குப் புதுசா சேப்போம். அன்னைக்கு அஞ்சாறு எடம் காலி. மத்தியானம் கறிக்கொழம்பு சாப்பிட்டுட்டு காத்தாடிக்குக் கீழ சாஞ்சுகிட்டு ஒவ்வொருத்தரா கேள்வி அனுப்பிகிட்டு இருந்தேன். மூணு மணி, மூணரை இருக்கும். ஒரு நம்பர். பேரு இல்ல, ஒரு புள்ளிதான் இருந்துது. படம் மாட்டு மூஞ்சி. கேள்விய அனுப்பினேன். அடுத்த நிமிசம் பதில் வந்துடுச்சு. ரெண்டாவதுக்கு இருபத்தொண்ணு. சரி. மூணாவதுக்கு 'மேல பல் கிடையாது'. சபாஷ்னு நெனைச்சேன். மொதல் கேள்விக்கு என்ன போட்டிருந்துது தெரியுமா?

கரும்பு.

கன்னு போட்ட மாட்டோட மொதல் பாலுக்கு பேரு கரும்பாம்! சீம்பால் சார் அது, சின்னப் புள்ளைக்குத் தெரியும். எனக்கு சிரிப்பு அடக்க முடியல. எவனோ யார்கிட்டயோ கேட்டு ரெண்டு பதில வாங்கிட்டான், மிச்சம் ஒண்ணுல கவுந்துட்டான்னு நெனைச்சேன். தவறான விடை, மன்னிக்கவும். ப்ளாக். அதோட நிறுத்தியிருக்கலாம். அத போட்டோ எடுத்து, நம்பர மறைச்சுட்டுதான், குரூப்புல போட்டேன். 'சீம்பாலுக்குக் கரும்பு என்கிறார் ஒருவர், உள்ளே விடலாமா'ன்னு. முந்நூறு பேரு சிரிச்சாங்க. கண்ணுல தண்ணி வர்ற மாதிரி பொம்மை இருக்குமே, அத வரிசையா போட்டாங்க.

கோயில்பட்டிக்காரரு ஒருத்தர் மட்டும் எழுதினாரு. 'அட்மின், அது கடும்பா இருக்கும். எங்க பக்கம் சீம்பால கடும்புன்னுதான் சொல்லுவோம். போன் தானா மாத்திருக்கும்'னு. அத நான் அழிச்சுட்டேன். ஏழாவது விதி சார், அட்மின் முடிவப் பத்தி குரூப்புல விவாதம் கூடாது. தனியா வந்து சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்.

படிச்சேன் சார். பொய் சொல்ல மாட்டேன். படிச்சுட்டுதான் அழிச்சேன். இருக்குமோன்னுகூட தோணுச்சு. ஆனா முந்நூறு பேரு சிரிச்சாச்சு. இப்ப போயி இல்லங்க, அது சரியான விடைதான்னு சொன்னா நாளைக்கு என் பேச்ச எவன் மதிப்பான்?

இப்ப நான் வர்றது ஒரகடத்துல இருந்து. எம்பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வரேன். இலக்கியா. ஒரே பொண்ணு. அங்க கம்பெனியில வேல செஞ்சப்ப கூட வேல பாத்த பையனையே கட்டிக்கிச்சு. பையன் சங்கரன்கோயில் பக்கம், இசக்கிராஜான்னு பேரு. நல்ல பையன்தான். நான் எதிர்க்கல. அவங்க வீட்டு ஆளுங்களோட பேசல, அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் போனேன், தாலி கட்டினதும் ஒரு மாட்டுக்கு அவசரமா ஊசி போடணும்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்தப் பையனோட அம்மா முப்பிடாதின்னு பேரு, அவங்ககிட்ட நான் பேசினதே ரெண்டு வார்த்தை. வாங்க. சாப்பிடுங்க. அதுவும் அவங்க பேசினது.

அவங்க புருசன் செத்து பத்து வருசமாச்சாம். ஊர்ல தனியா இருந்தாங்க. ஒரே ஒரு கலப்பின மாடு. புள்ளை எத்தனயோ வாட்டி கூப்பிட்டுப் பாத்திருக்கான், வந்து எங்ககூட இரும்மான்னு. மாட்ட யாரு பாக்கறதுன்னு சொல்லி வரவே இல்லயாம். மாடு இருக்கற வரைக்கும் யார் வாசல்லயும் போயி நிக்க வேணாம்னு அவங்களுக்கு ஒரு வைராக்கியம்.

பதினஞ்சு நாளைக்கு முன்னாடி இலக்கியா போன் பண்ணிச்சு. "அத்தைய இங்கயே கூட்டிகிட்டு வந்துட்டோம்ப்பா. மாடு செத்துப்போச்சு"ன்னுச்சு.

நான் என்ன கேட்டேன் தெரியுமா சார்? "ஏம்மா, வீட்டுக்குள்ளயே மாட்டு வைத்தியம் தெரிஞ்ச ஆளு ஒருத்தன் இருக்கறப்போ, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல"ன்னு கேட்டேன். உரிமையாத்தான் கேட்டேன். கொஞ்சம் கோவமாக்கூட கேட்டேன்.

"கேட்டாங்கப்பா"ன்னுச்சு. போன வச்சுடுச்சு.

கொஞ்ச நேரத்துல ஒரு போட்டோ வந்துது. என் கேள்வி மூணு. கீழ கரும்பு, இருபத்தொண்ணு, மேல பல் கிடையாது. அதுக்குக் கீழ நான் போட்டது. தவறான விடை, மன்னிக்கவும். அதுக்கும் கீழ நாலு வாய்ஸ் மெசேஜு. நாலுலயும் ஒத்த டிக். ஒத்த டிக்குன்னா வந்து சேரலன்னு அர்த்தம். எப்படி வந்து சேரும், நான்தான் ப்ளாக் பண்ணிட்டேனே.

அப்புறம் எம்பொண்ணு எங்கிட்ட பேசல. தினம் போன் பண்ற பொண்ணு. அவங்கம்மாகிட்ட பேசும், "அப்பா பக்கத்துல இருக்காரா"ன்னு கேக்கும், ஆமான்னா "அப்புறம் பேசறேன்"னு வச்சுடும். பதினஞ்சு நாளு. எங்கூட்டு அம்மாதான் துரத்தி விட்டா. "போயி கால்ல விழுந்தாலும் சரி, அந்தப் பொம்பளைகிட்ட பேசிட்டு வா"ன்னா. நான் கால்ல விழப் போகல சார். விளக்கம் சொல்லத்தான் போனேன். விதின்னா என்ன, ஏன் வச்சோம்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்கன்னு.

மூணாவது மாடி. ஒரு ரூம்பு, ஒரு சமையல்கட்டு, துணி காயப்போடற அளவுக்கு ஒரு பால்கனி. மருமகன் வேலைக்குப் போயிருந்தாரு. சம்பந்தி அம்மா அந்த பால்கனியிலதான் ஒரு முக்காலி போட்டு உக்காந்திருந்தாங்க. என்னைப் பாத்ததும் எழுந்து, "வாங்கண்ணாச்சி, வெயில்ல வந்திருக்கிய"ன்னு சொம்புல தண்ணி குடுத்தாங்க. காப்பி போடறேன்னு உள்ள போனாங்க. விடியகாலம் நாலு மணிக்கே முழிப்பு வந்துடுதாம். எழுந்து உக்காந்துகிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம சும்மாவே இருக்காங்களாம். இலக்கியா சொல்லுச்சு. அதுவும் சொவத்தப் பாத்து சொல்லுச்சு, என் மூஞ்சியப் பாத்து இல்ல.

நான் ஆரம்பிச்சேன். "அம்மாடி, அப்பா வேணும்னு பண்ணல. எல்லாரும் உள்ள வந்துட்டா..."

இலக்கியா அவங்க அத்தையோட போன எடுத்து ஒரு வாய்ஸ அமுக்குச்சு.

"ஐயா, மாடு கிடக்குய்யா. நேத்துதான் ஈனிச்சு. எந்திக்க மாட்டேங்கு. களுத்த மடக்கி வயித்துமேல வச்சிருக்கு. காது ரெண்டும் குளுந்து போய்க் கிடக்கு. கண்ணு மட்டும் முளிச்சிருக்கு. ஞாயித்துக்கெளமை, டாக்டர் போன எடுக்கல. மவனும் எடுக்கல, வேலைல போன உள்ள விட மாட்டாங்களாம். கேள்வில தப்பாச் சொன்னது இருக்கட்டும்யா. என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க. என்னைய சேக்காட்டாலும் பரவால்ல."

சார், நான் முப்பது வருசமா மாட்டுக் கொட்டாயில நின்னவன். கழுத்த மடக்கி வயித்துமேல வச்சிருக்குதுன்னு கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. காது குளுந்து போச்சுன்னு சொன்னப்ப சத்தியமா தெரிஞ்சுபோச்சு. பால் காய்ச்சல். சுண்ணாம்புச் சத்து மொத்தமும் பால்ல இறங்கிடும், மாடு படுத்துடும். டாக்டரு வந்து நரம்புல கால்சியம் பாட்டில ஏத்தினா, நம்ப மாட்டீங்க, பாட்டிலு முடியறதுக்குள்ள எழுந்து சாணி போட்டுட்டு நிக்கும். நம்ம குரூப்பு புஸ்தகத்துல பதினேழாம் பக்கம். சங்கரன்கோயில்லயே நம்ம ஆளுங்க நாலு பேரு இருக்காங்க. அதுல ஒருத்தரு ஞாயித்துக்கெழமையும் வர்ற டாக்டரோட நம்பர குரூப்புலயே போட்டிருக்காரு. ஒரு மெசேஜு சார். ஒரே ஒரு மெசேஜு.

நான் அப்ப என்ன பண்ணிகிட்டு இருந்தேன்? முந்நூறு பேரு சிரிக்கறத எண்ணிகிட்டு இருந்தேன்.

இலக்கியா அடுத்தத அமுக்கப் போச்சு. உள்ள இருந்து சம்பந்தி அம்மா கையில கரண்டியோட வந்துட்டாங்க. "அத நிறுத்து தாயி. வந்த மனுசனுக்கு மொதல்ல காப்பி குடுப்போம்"ன்னாங்க. அப்ப அவங்க மொகத்தப் பாத்தேன். கோவம் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். கோவமே இல்ல சார்.

காப்பிய குடுத்துட்டு எதுத்தாப்புல தரையில உக்காந்தாங்க. "தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. கண்ணாடி போடாம எழுதிட்டேன். கடும்புன்னுதான் அமுக்கினேன், அது கரும்புன்னு ஆக்கிட்டு. உங்க ஊர்ல அதுக்கு வேற பேராம்லா, இலக்கியா சொல்லிச்சு. சீம்பால். இப்ப தெரிஞ்சுக்கிட்டேன்"ன்னாங்க.

அப்புறம் கேட்டாங்க, "மத்த ரெண்டும் சரியாத்தானே சொல்லிருந்தேன்?"

சரிதாம்மான்னேன். மூணுமே சரிதான்னு சொல்ல வாயெடுத்தேன். வரல. ஏன்னு இன்னும் தெரியல சார்.

"என் சம்பந்தின்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா போதுமேம்மா"ன்னேன். "அப்படி எப்படிண்ணாச்சி? சம்பந்தின்னு சொல்லிக்கிட்டா முன்னால போய் நிக்க? கேள்வி எல்லாருக்கும் பொதுவுல்லா"ன்னாங்க. என் விதிய எங்கிட்டயே நியாயமா எடுத்து சொல்றாங்க. ஆயிரத்து இருபத்து நாலு பேர்ல ஒருத்தன்கூட என் விதிக்கு அப்படி மரியாதை குடுத்ததில்ல.

மாடு எப்படிம்மா போச்சுன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. யாரும் ஒண்ணும் சொல்லலன்னதும் பக்கத்து வீட்டுக்காரரு மூங்கில் குழாயில எண்ணெய ஊத்தி விட்டாராம். நல்ல மனுசன்தான், தெரியாம பண்ணிட்டாருன்னாங்க. கொஞ்ச நேரம் இருமிச்சாம். அப்புறம் இல்ல. கன்னுக்குட்டிய அந்தப் பக்கத்து வீட்டுலயே விட்டுட்டு, தன் வீட்டுக் கதவப் பூட்டிட்டு வந்துட்டாங்க.

எனக்கு அதுக்கு மேல உக்கார முடியல. ஏதாவது செய்யணும். என்ன செய்யறதுன்னும் தெரியல. என் போன எடுத்தேன். மொதல்ல ப்ளாக்க எடுத்தேன். சம்பந்தி அம்மான்னு நம்பரப் பதிஞ்சேன். குரூப்புல எடம் இல்ல, யாரோ ஒருத்தன எடுத்தேன், யாருன்னுகூட பாக்கல. அவங்களச் சேத்தேன். கேள்வி எதுவும் கேக்கல சார். குரூப்பு ஆரம்பிச்சதுல இருந்து கேள்வி கேக்காம நான் சேத்த மொதல் ஆளு அவங்கதான். "பாருங்கம்மா, சேத்தாச்சு"ன்னு காட்டினேன். அந்த நூத்தி பன்னண்டு பக்கத்தையும் அனுப்பினேன். அவங்க போன் டிங்குனுச்சு. எடுத்துப் பாத்துட்டு, "சரிண்ணாச்சி, ரொம்ப சந்தோசம்"ன்னு சொல்லி மடியில வச்சுகிட்டாங்க.

எனக்குக் கொஞ்சம் லேசாச்சு. நம்ம கையில இருந்தத செஞ்சுட்டோம்னு.

கெளம்பறப்ப இலக்கியா கீழ வரைக்கும் வந்துச்சு. சரி, பேசப் போவுதுன்னு நெனைச்சேன். பேசிச்சு. "அப்பா, அத்தைகிட்ட இப்ப மாடு இல்ல. அதுல இருந்து அவங்க என்னத்தப் படிக்கணும்?"ன்னுச்சு. கேட்டுட்டு படியேறிடுச்சு.

அதான் சார், அங்க இருந்து இதே நெனப்பா வரேன். நான் என்ன பண்ணியிருக்கணும்? கதவ சாத்தலன்னா செஞ்சிக்காரன் மாடு மாதிரி இன்னும் பத்து மாடு சாவும். சாத்தினா இப்படி ஆவுது. நல்லதுக்குத்தானே வச்சேன்? யாருக்காவது கெட்டது நெனைச்சேனா? இன்னொரு அட்மின் இருக்காரு, பொள்ளாச்சிக்காரரு, அவருகிட்ட வழியில போன் பண்ணி மொதல் கேள்விய எடுத்துடலாமான்னு கேட்டேன். "அதெப்படிங்ணா, அதுலதானுங்க போலி ஆளு மாட்டறான். அன்னைக்கு அந்தக் கரும்புக்காரன் மாட்டலீங்களா?"ன்னாரு. அந்தக் கரும்புக்காரன் யாருன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சரிங்க, இருக்கட்டும்னு வச்சுட்டேன்.

அச்சிறுபாக்கம் தாண்டிடுச்சா? இருங்க, என் போனு. இலக்கியாவா இருக்கும்.

இல்ல. குரூப்பு.

சார், இத கொஞ்சம் படிங்களேன். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. 'சம்பந்தி அம்மா வெளியேறினார்'. அப்படித்தானே போட்டிருக்குது? யாராவது வெளிய போனா மத்தவங்களுக்குக் காட்டாது சார், அட்மினுக்கு மட்டுந்தான் காட்டும். நான் பஸ்ஸு ஏறற வரைக்கும் பொறுத்திருக்காங்க பாருங்க. எதுத்தாப்புல வெளிய போனா என் மனசு நோவும்னு.

நான் எடுக்கல சார். அவங்கள நான் எடுக்கவே இல்ல. இலக்கியா கேட்டா நீங்க சொல்லணும், நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க? என் கை போனு மேலயே இல்ல. அவங்களாத்தான் போயிட்டாங்க. பாத்தீங்க இல்ல சார்?